இருதய ஆபரேஷனும் இரண்டாவது அபிப்பிராயமும்

"இருதயத்தில் அடைப்பு இருக்கிறது; ஆபரேஷன் செய்தாக வேண்டும்" என்று ஒரு டாக்டர் சொல்லக் கேட்டவுடன், நமது கிராமத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு காரியங்களுள் ஒன்று நடைபெறுகிறது. வீட்டிலுள்ளோர் கலங்கிப்போய், நகைகளை அடகு வைத்து, எஞ்சியிருக்கும் அரைக் காணி நிலத்தையும் விலை பேசி, மறுநாளே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அல்லது, நெஞ்சைப் பிளந்தால் பிழைக்க முடியுமா என்று அஞ்சி வீடு திரும்பி, ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பரண்மேல் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். முன்னதில் நிலம் போகலாம்; பின்னதில் உயிரே போகலாம். இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. முதல் டாக்டர் சொன்னதை அவமதிக்காமலும், அப்படியே ஏற்றுவிடாமலும், தகுதி வாய்ந்த மற்றொரு டாக்டரிடம் அதே காகிதங்களைக் காட்டி யோசனை கேட்பதே அவ்வழியாகும்.

ஒரகடம் சுற்று வட்டாரத்தில் இதைப் பற்றிப் பேசுவது இன்று மிகவும் அவசியமாகியிருக்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்த ஊர்கள் இவை. சிப்காட் தொழிற்பூங்கா அமைந்து, 2010-ஆம் ஆண்டையொட்டி மோட்டார் கார், லாரி, டயர்த் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கிய பின்னர், பல குடும்பங்களின் பயிர் நிலம் சுருங்கிவிட்டது. பிள்ளைகளுக்குச் சம்பளம் வருகிறது. ஆயினும் தகப்பனாரின் பெயரில் மிஞ்சியிருக்கும் சிறு நிலமே குடும்பத்தின் கடைசிக் காப்பாக இருக்கிறது. அந்நிலத்தை ஒரே நாளில் எழுதிக் கொடுக்கச் செய்யும் வல்லமை இருதய நோய் என்ற சொல்லுக்கு உண்டு. ஆகவே, இதில் எப்போது விரைய வேண்டும், எப்போது நின்று விசாரிக்க வேண்டும் என்பதை விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருப்பது நலம்.

தாமதிக்கக் கூடாத வேளை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது அபிப்பிராயம் கேட்க அவகாசமே இல்லாத நிலைமையும் உண்டு. நடு மார்பில் பாரம் ஏற்றி வைத்தாற் போன்ற வலி, அவ்வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல், மூச்சுத் திணறல், குமட்டல், மயக்கம் ஆகியவை தோன்றிச் சில நிமிஷங்கள் ஓய்ந்திருந்தும் தணியாவிட்டால், அது மாரடைப்பாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும், முதியோருக்கும், பெண்களுக்கும் வலி அதிகமாகத் தெரியாமல் மூச்சு முட்டலும் அசதியும் மட்டுமே தெரிவதும் உண்டு. இதை வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா வாங்கிக் குடித்தும், ஓமத் தண்ணீர் காய்ச்சியும் பொழுதைப் போக்குவது பேராபத்து.

மாரடைப்பில் இருதயத்தின் ரத்தக் குழாய் ஒன்று ரத்தம் உறைந்து முற்றும் அடைபடுகிறது. அக்குழாயை நம்பியிருக்கும் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் அழிந்துகொண்டிருக்கும். உறைவைக் கரைக்கும் ஊசியோ, குழாயைத் திறக்கும் பலூன் சிகிச்சையோ எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வேளையில் அரசு ஆஸ்பத்திரியா, தனியார் ஆஸ்பத்திரியா என்று வாதிட்டுக்கொண்டிருப்பதும், சென்னையிலுள்ள மைத்துனரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று நிற்பதும் கூடாது. உயிர் காக்கும் சிகிச்சையை முதலில் பெற வேண்டும், கேள்விகள் பிறகு.

இதற்கு அடுத்தபடியாக ஒரு நடுநிலைமை உண்டு. உட்கார்ந்திருக்கும்போதே வலி வருகிறது, அல்லது சில நாட்களாக வலி அடிக்கடியும் கடுமையாகவும் வருகிறது என்றால், நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரக் கூடாது. அவர் படுக்கையில் இருக்க, உறவினர் ஒருவர் பரிசோதனைப் படங்களை எடுத்துச் சென்று வேறு டாக்டரிடம் காட்டி வரலாம்.

மூன்றாவது நிலைமைதான் மிகுதியாகக் காணப்படுவது. ஓர் உழவர் வரப்பில் வேகமாக நடக்கும்போதோ, மூட்டை தூக்கும்போதோ மார்பு இறுகுகிறது; நின்றால் தணிந்துவிடுகிறது. பல மாதங்களாக இப்படியே இருக்கிறது. பரிசோதனையில் அடைப்பு என்று தெரிகிறது. இவர்களுக்குப் பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோ அவகாசம் உண்டு. "எனக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது?" என்று முதல் டாக்டரிடமே நேராகக் கேட்டு, அப்பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அடைப்பு என்பது யாது?

இருதயம் உடலெங்கும் ரத்தத்தைச் செலுத்தும் இறைவை இயந்திரம் போன்றது. அவ்வியந்திரமும் ஒரு தசையே ஆதலால், அதற்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள் மூன்று முக்கியமானவை. அவற்றுள் இரண்டு, இடப்புறத்தில் ஒரே தலைக்குழாயிலிருந்து பிரிகின்றன. ஏரி மதகிலிருந்து தலைக் கால்வாய் புறப்பட்டுக் கிளைக் கால்வாய்களாகப் பிரிவதை உழவர்கள் அறிவார்கள். கடைமடையில் ஒரு வாய்க்கால் தூர்ந்தால் ஒரு வயல் வாடும். மதகின் அருகே தலைக் கால்வாய் தூர்ந்தால் ஆயக்கட்டு முழுவதும் வாடும். இருதயத்திலும் அப்படியே. ஆகவே, எத்தனை சதவீத அடைப்பு என்ற ஒரு கணக்கு மட்டும் போதாது. அடைப்பு எந்தக் குழாயில் இருக்கிறது, எவ்வளவு தசை அதனால் பாதிக்கப்படுகிறது, இருதயத்தின் இறைக்கும் சக்தி எவ்வளவு, நோயாளிக்கு நீரிழிவு உண்டா, மருந்து சாப்பிட்ட பின்னும் வலி நீடிக்கிறதா என்பவை யாவும் சேர்ந்துதான் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. இத்தனை விஷயங்களை நிறுத்துப் பார்க்க வேண்டியிருப்பதாலேயே நேர்மையான இரண்டு டாக்டர்கள் ஒரே படத்தைப் பார்த்து வெவ்வேறு யோசனை சொல்லுவது சாத்தியமாகிறது.

மூன்று சிகிச்சை முறைகள்

முதலாவது மருந்து. ரத்தம் உறையாமலிருக்கவும், கொழுப்பைக் குறைக்கவும், இருதயத்தின் சுமையைத் தணிக்கவும் மாத்திரைகள் உண்டு. புகையிலையை விடுதலும், நடைப் பயிற்சியும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தலும் இதில் அடங்கும். மற்ற இரண்டு சிகிச்சைகளைச் செய்துகொண்டவர்களுக்கும் இம்மருந்துகள் தேவையே.

இரண்டாவது, கை அல்லது தொடையின் ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, அடைப்பைப் பலூனால் விரித்து, 'ஸ்டென்ட்' என்னும் சிறு உலோக வலைக் குழாயைப் பொருத்துவது. பலூன் முறையை 1977-ஆம் ஆண்டில் ஆன்ட்ரியாஸ் கிரன்ட்ஸிக் என்ற டாக்டர் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தார்.

மூன்றாவது 'பைபாஸ்' ஆபரேஷன். காலிலிருந்தோ மார்பின் உட்புறத்திலிருந்தோ ஒரு ரத்தக் குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி மாற்றுக் கால்வாய்போல் இணைப்பது இது. அமெரிக்காவில் ரெனே ஃபவலோரோ 1967-இல் இம்முறையை நிலைநாட்டினார். எட்டு ஆண்டுகளுக்குள், 1975-இல், நமது சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். இன்று இது அரசு ஆஸ்பத்திரிகளிலும் நடைபெறுகிறது. ஆதலால் ஆபரேஷன் என்றாலே பிழைக்க முடியாது என்று அஞ்சுவதற்குக் காரணமில்லை.

இம்மூன்றில் யாருக்கு எது என்பதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைக் கொண்டு நடைபெற்று, 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆராய்ச்சி அவற்றுள் முக்கியமானது. அண்மையில் மாரடைப்பு வராமல், நிலையான நோயுடன் இருந்தவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்துடன் ஆரம்பத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ்; மற்றப் பிரிவினருக்கு முதலில் மருந்து மட்டும். மூன்றாண்டுகளுக்கு மேல் கவனித்ததில், இறப்பிலும் மாரடைப்பிலும் மொத்தத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் அடிக்கடி மார்பு வலியால் அவதிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட், பைபாஸ் சிகிச்சைகள் கூடுதல் நிவாரணம் அளித்தன. இடது தலைக்குழாயில் அடைப்பு உள்ளவர்களும், இருதயத்தின் சக்தி மிகவும் குன்றியவர்களும் அவ்வாராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அத்தகையோருக்கு ஆபரேஷன் உயிர் காப்பதாக இருக்கலாம்.

மற்றோர் ஆராய்ச்சி 2012-இல் வெளியான 'ஃப்ரீடம்' என்பது. நீரிழிவுடன் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரைக் கொண்டு செய்யப்பட்டது. அவர்களுள் பைபாஸ் செய்துகொண்டவர்களிடையே இறப்பும் மாரடைப்பும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களைவிடக் குறைவாக இருந்தன. பக்கவாதம் மட்டும் சற்று அதிகமாக இருந்தது. இதிலிருந்து தெரிவது என்ன? இரண்டாவது அபிப்பிராயம் என்பது ஆபரேஷனைத் தட்டிக் கழிப்பதற்கான உபாயம் அன்று. சிலருக்கு அது, "ஆபரேஷன் வேண்டாம், மருந்தே போதும்" என்று சொல்லும். வேறு சிலருக்கு, "ஸ்டென்ட் போதாது, பைபாஸ்தான் வேண்டும்; காலம் தாழ்த்தாதீர்கள்" என்று சொல்லும். இரண்டும் லாபமே.

போரிசனா கிராமம் தரும் பாடம்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி குஜராத் மாநிலம் மெஹ்சானா மாவட்டத்தைச் சேர்ந்த போரிசனா என்னும் கிராமத்தில் இலவச வைத்திய முகாம் ஒன்று நடைபெற்றது. அகமதாபாத் நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று அதை நடத்தியது. முகாமுக்கு வந்தவர்களில் 19 பேர் மேல் பரிசோதனைக்கென்று அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 7 பேருக்கு ஸ்டென்ட் சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் இருவர் இறந்துபோயினர். செலவு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் கணக்கு வைக்கப்பட்டது. தேவையற்ற சிகிச்சை என்றும், தங்களிடம் முறையாகச் சம்மதம் கேட்கப்படவில்லை என்றும் குடும்பத்தினர் புகார் செய்தார்கள். போலீசார் வழக்குப் பதிவு செய்து, டாக்டர் உள்ளிட்ட பலரைக் கைது செய்தனர். அம்மாநில அரசு பின்னர் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இருதய சிகிச்சை செய்வதற்கான விதிகளைக் கடுமையாக்கியது.

செல்வ நாடுகளிலும் இத்தகைய சம்பவங்கள் நிகழாமலில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் ரெடிங் என்னும் ஊரில், பாதிரியார் ஒருவரிடம் உடனே பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொன்னார்கள். அவர் வேறு நகரத்துக்குச் சென்று மற்ற டாக்டர்களிடம் காட்டியபோது, அவருக்கு ஆபரேஷன் வேண்டிய நோயே இல்லை என்று தெரிந்தது. அவர் செய்த புகாரின் பேரில் 2002-இல் மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் அந்த ஆஸ்பத்திரியைச் சோதனையிட்டனர். பின்னர் ஆஸ்பத்திரியை நடத்திய கம்பெனி, நோயாளிகளுக்குக் கோடிக்கணக்கான டாலர் ஈட்டுத்தொகை கொடுக்க நேர்ந்தது. ஒரே ஒருவர் கேட்ட இரண்டாவது அபிப்பிராயம் பலரைக் காப்பாற்றியது.

இவற்றைக் கொண்டு டாக்டர்கள் அனைவரையும் சந்தேகிப்பது பெருந்தவறு. இரவு பகல் பாராமல் உயிர் காக்கும் டாக்டர்களே மிகுதி. போரிசனாவிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. முகாமில் நோய் கண்டறியப்படுவதற்கும் சிகிச்சை மேஜைக்குப் போவதற்கும் நடுவே, குடும்பம் கூடிப் பேசவும் வேறொருவரைக் கேட்கவும் அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. அந்த அவகாசமே நோயாளியின் பாதுகாப்பு.

கேட்பது உரிமை, அவமதிப்பு அன்று

"வேறு டாக்டரிடம் போனால் இவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று பலர் தயங்குகிறார்கள். நம் பகுதியில் அரை கிரவுண்டு மனை வாங்குவதற்குக்கூட வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டிய பின்பே முன்பணம் கொடுக்கிறோம். விற்பவர் அதை அவமதிப்பாகக் கருதுவதில்லை. மனைக்குச் செய்வதை மார்புக்குச் செய்யத் தயங்குவானேன்? 2009-ஆம் ஆண்டு ஜனவரியில் அப்போதைய பிரதமர் டாக்டர் மன்மோகன் சிங்குக்கு டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் பைபாஸ் நடைபெற்றபோது, பம்பாயிலிருந்து வந்த டாக்டர் ரமாகாந்த பாண்டாவின் குழு எய்ம்ஸ் டாக்டர்களுடன் சேர்ந்து அதைச் செய்தது. பெரிய டாக்டர்களே ஒருவரையொருவர் கலந்துகொள்கிறார்கள்.

சட்டமும் நோயாளியின் பக்கம் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளுள் இரண்டாவது அபிப்பிராயம் பெறும் உரிமையும் ஒன்று. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், வைத்தியப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நோயறியும் பரிசோதனைக்கு அளித்த சம்மதம் அதன்பின் செய்யும் சிகிச்சைக்கும் சம்மதமாகிவிடாது என்று 2008-இல் சுப்ரீம் கோர்ட், சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலைமை மட்டுமே அதற்கு விலக்கு. ஆஞ்சியோகிராம் என்பது குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கும் பரிசோதனை. அதற்குக் கையெழுத்துப் போடும்போதே, படம் பார்த்துவிட்டு ஸ்டென்டும் வைத்துவிட ஒப்புக்கொள்கிறோமா என்பதைப் படித்தறிந்து கையெழுத்திட வேண்டும். அவசரமில்லாதவர்கள், "படம் மட்டும் எடுங்கள், பிறகு யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுதிக் கொடுக்கலாம்.

எவ்வாறு கேட்பது?

முதலாவதாகக் காகிதங்களைச் சேகரிக்க வேண்டும். ஆஞ்சியோகிராம் படம் பதிந்த குறுந்தகடு மிக முக்கியமானது. எழுத்து மூலமான அறிக்கை மட்டும் போதாது. இரண்டாவது டாக்டர் படத்தைத் தம் கண்ணால் பார்க்க வேண்டும். அத்துடன் இ.சி.ஜி., எக்கோ பரிசோதனை, ரத்தப் பரிசோதனை அறிக்கைகள், சாப்பிட்டு வரும் மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, யாரிடம் கேட்பது என்பதை ஆலோசிக்க வேண்டும். முதல் ஆஸ்பத்திரியோடு தொடர்பில்லாத இடமாக அது இருக்க வேண்டும். கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் தரகர் காட்டும் இடமாக இருக்கக் கூடாது. இயன்றால், ஸ்டென்ட் வைக்கும் இருதய டாக்டர், ஆபரேஷன் செய்யும் சர்ஜன் ஆகிய இரு பிரிவினரும் உள்ள ஆஸ்பத்திரியாக இருப்பது மேல். ஒரகடம் சந்திப்பிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் மார்க்கமாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், வண்டலூர் மார்க்கமாகச் சென்னைக்கும் போகலாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரியிலும், ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலுள்ள பல்நோக்கு உயர் சிறப்பு ஆஸ்பத்திரியிலும், 2023-இல் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு ஆஸ்பத்திரியிலும் இருதயப் பிரிவுகள் உள்ளன. புற நோயாளியாகச் சென்று யோசனை கேட்பதற்குக் கட்டணமில்லை. காத்திருக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் கூலி போகும். பல லட்ச ரூபாய் செலவுக்கும் ஓர் உயிருக்கும் முன்னால் அது பெரிதன்று.

மூன்றாவதாக, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். ஆபரேஷன் செய்வதால் ஆயுள் நீடிக்குமா, அல்லது வலி மட்டும் தணியுமா? மருந்து மட்டும் சாப்பிட்டுப் பார்க்க இடமுண்டா? ஸ்டென்ட், பைபாஸ் இரண்டில் எது இவருக்கு ஏற்றது, ஏன்? ஆபரேஷனில் உள்ள அபாயம் என்ன? எத்தனை நாள் தாமதிக்கலாம்? பிறகு எத்தனை மாதம் கழித்து வயல் வேலை செய்யலாம்? இவ்வாறு கேள்விகளுக்குப் பதில் பெற்று, கூடச் செல்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். கூடச் செல்பவர் படித்த ஒருவராயிருப்பது நல்லது. முதல் டாக்டர் சொன்ன முடிவை முன்னதாகச் சொல்லாமல், படத்தைக் காட்டி, அவர் கருத்தைக் கேட்ட பிறகு சொல்வது உசிதம்.

நான்காவதாக ஓர் எச்சரிக்கை. அபிப்பிராயம் கேட்டுத் திரியும் நாட்களில் மாத்திரைகளை நிறுத்திவிடக் கூடாது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை டாக்டர் உத்தரவின்றி நிறுத்தினால், ஸ்டென்டே அடைபட்டு மாரடைப்பு வரலாம். அவகாசம் உண்டு என்று சொல்லப்பட்டவருக்கும் இடையில் வலி மிகுந்தால், உடனே 108-தான்.

சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இருதய வால்வு கெட்டுப் போனவர்களுக்கும் இம்முறை பொருந்தும். அவர்களுக்கு ஆஞ்சியோகிராமைவிட எக்கோ பரிசோதனையே முக்கியம்.

இருவரும் மாறுபட்டால்

இரு டாக்டர்களும் ஒரே யோசனை சொன்னால், மனம் தேறிச் சிகிச்சைக்கு உட்பட வேண்டும். நமக்குப் பிடித்த பதில் வரும்வரை நான்கு, ஐந்து பேரைக் கேட்டுக்கொண்டே போவது இரண்டாவது அபிப்பிராயம் ஆகாது. அது நோயை வளரவிடுவதே. இருவரும் மாறுபட்டால், ஒருவர் சொன்ன காரணத்தை மற்றவரிடம் சொல்லி விளக்கம் கேட்கலாம். அப்படியும் தெளியாவிட்டால், இருதய டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து உட்கார்ந்து ஆலோசிக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவதாக ஒருமுறை கேட்டு, அம்முடிவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செலவும் காப்பீடும்

நிலத்தை விலை பேசுமுன் காப்பீட்டைப் பார்க்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஸ்டென்ட், பைபாஸ், வால்வு ஆபரேஷன்கள் அதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் அட்டை பெறலாம். நோய் வந்த பிறகு சான்றுக்கு அலைவதைவிட, நல்ல நிலையில் இருக்கும்போதே அட்டையை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் நிபந்தனைக்குட்பட்டுச் சிகிச்சை உண்டு. கிளை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டென்டின் விலையும் அரசாங்கத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று லட்ச ரூபாய்க்கு மேலும் விற்ற காலம் உண்டு. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய விலை நிர்ணய ஆணையம், வரி நீங்கலாகச் சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும் உச்ச விலையாக நிர்ணயித்தது. அதன்பின் அவ்வப்போது விலை திருத்தப்பட்டு வருகிறது. ஸ்டென்டின் பெயரும் விலையும் பில்லில் தனியே காட்டப்பட வேண்டும் என்பது அந்த உத்தரவு. பில்லை வாங்கும்போது அதைக் கவனிக்க வேண்டும்.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

ஒரு குடும்பம் தனியாக நின்றால் மிரண்டுவிடும். ஊர் துணை நின்றால் நிதானம் வரும். கிராம ஊராட்சிகள் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு.

ஊரில் வெளியார் வைத்திய முகாம் நடத்த வந்தால், நடத்துபவர் யார், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பதை ஊராட்சி குறித்து வைத்துக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் தெரிவிக்கலாம். அவசரமில்லாத எவரையும் முகாமிலிருந்து நேராகச் சிகிச்சைக்கு வண்டியேற்றிச் செல்லலாகாது என்பதை ஊர் வழக்கமாக்கலாம். மேல் பரிசோதனைக்குச் செல்பவருடன் குடும்பத்தார் ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும்.

படித்த இளைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஆகியோரில் இரண்டொருவர், நோயாளிகளுடன் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைபோக முன்வரலாம். தொழிற்சாலையில் முறை வேலை செய்யும் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பது அரிதாகையால், இந்த உதவி பெரிதும் பயன்படும். சுய உதவிக் குழுவிலிருந்து ஆபரேஷனுக்கென்று கடன் கேட்கப்படும்போது, "காப்பீட்டு அட்டை இருக்கிறதா? வேறு டாக்டரைக் கேட்டாயிற்றா?" என்னும் இரு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுப்பது நலம். அவசர நேரமாயின் கேள்வியின்றி உதவ வேண்டும்.

ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில், ஒரு கூட்டத்திலேனும் சுகாதார நிலைய டாக்டரை அழைத்து, மாரடைப்பின் அறிகுறிகளையும், இரண்டாவது அபிப்பிராயம் கேட்கும் முறையையும் விளக்கச் செய்யலாம். 108 என்னும் அவசர எண்ணையும், வைத்திய ஆலோசனைக்கான 104 என்னும் எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன; அவற்றை ஒழுங்காகச் சாப்பிடும்படி முதியோரைத் தூண்டுவதால், ஆபரேஷன் என்னும் நிலைமையே பலருக்கு வராமல் தடுக்கலாம்.

மாரடைப்பு வந்தால் ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது. அவகாசம் உள்ள நோயில், விசாரியாமல் ஓரடியும் எடுத்து வைக்கக் கூடாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்துகொள்ளும் ஊரில் உயிரும் பிழைக்கும், நிலமும் பிழைக்கும். நம் ஊராட்சிகள் ஒவ்வொன்றும் அத்தகைய ஊராக ஆவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் அரை மணி நேரம் ஒதுக்கினாலே தொடக்கம் ஆகிவிடும்.